பதினைந்தாம் நாள் வந்த நாய்

என்னைக் கடித்த நாய்க்கு எங்கள் கட்டடத்தில் என்னைவிட நல்ல பெயர் இருந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ரிக்கி அங்கே ஒன்பது வருடமாகக் குடியிருந்தது. நான் தலா என்ற ஊரிலிருந்து துனிசியத் தலைநகர் துனிஸுக்குச் சட்டம் படிக்க வந்தவன்; இந்தக் கட்டடத்தின் மொட்டைமாடி அறையில் ஏறி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ரிக்கி படியில் யாரைப் பார்த்தாலும் வாலாட்டும். நான் பாதி நேரம் சலாம் சொல்ல மறந்துவிடுவேன்.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தேர்வுக்கு ஓடிக்கொண்டிருந்தவன் இரண்டாம் மாடித் திருப்பத்தில் படுத்திருந்த ரிக்கியைத் தாண்டினேன். மிதிக்கவில்லை. பிற்பாடு கட்டடம் முழுக்க நான் மிதித்ததாகவே பேசிக்கொண்டது, அதனால் சொல்கிறேன். அது உறுமவில்லை, குரைக்கவில்லை. எழுந்தது, என் வலது கெண்டைக்காலைக் கவ்வியது, விட்டது, மறுபடி அதே இடத்தில் படுத்துக்கொண்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த குமாஸ்தா மாதிரி இருந்தது அதன் முகம்.

கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார் நாயின் சொந்தக்காரர் சி துஹாமி, அதாவது துஹாமி ஐயா. சுங்க இலாகாவில் முப்பது வருடம் பெட்டிகளைத் திறந்து பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகள் பிரான்சில், மார்செய் நகரத்தில். வீட்டில் அவரும் ரிக்கியும்தான்.

"ரிக்கியா? ரிக்கியா கடிச்சுது?" என்றார். "நீ மிதிச்சிருப்ப, தம்பி."

"மிதிக்கல, சி துஹாமி."

"அப்ப மிதிக்கப் போறன்னு நெனச்சிருக்கும்."

சட்டக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தும் இப்படியொரு தற்காப்பு வாதத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

தேர்வை எழுதிவிட்டு, ரத்தம் காய்ந்த கால்சட்டையோடு பேட்டை மருத்துவ நிலையத்துக்குப் போனேன். ஊசி அறையில் இருந்தது நர்ஸ் மதாம் ஜலீலா. ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தார்.

"பேரு?"

"வஜ்தி."

"உன் பேரு இல்ல. நாயோட பேரு."

"ரிக்கி."

"தெரு நாயா, வீட்டு நாயா?"

"வீட்டு நாய். எங்க கட்டடத்துலதான்."

"நல்லதாப் போச்சு. அப்ப நாயைப் பார்த்துக்கலாம், உன்னைப் பார்த்துக்க வேணாம்." இரண்டு தோளிலும் ஒவ்வொரு ஊசி போட்டார். "கேட்டுக்க. பதினஞ்சு நாள் அந்த நாய் வீட்டுக் காவல்ல இருக்கணும். மொத நாள், ஏழாம் நாள், பதினஞ்சாம் நாள், மூணு தடவை மாநகராட்சி மிருக டாக்டர் பார்த்து முத்திரை வைக்கணும். மூணு முத்திரையும் விழுந்துட்டா அதுக்கு வெறி இல்லன்னு அர்த்தம். உனக்கும் கடைசி ஊசி வேணாம். நடுவுல அது செத்தாலோ ஓடிப் போனாலோ உடனே ஓடியா."

"வராட்டி?"

"வராதவங்க யாரும் இதுவரைக்கும் திரும்பி வந்து புகார் சொன்னதில்ல."

அட்டையில் இப்படி எழுதினார்: முதல் ஊசி, ஏழாம் நாள் ஊசி, இருபத்தொன்றாம் நாள் ஊசி. கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. என் உயிர் அந்தக் கேள்விக்குறிக்குள் உட்கார்ந்திருந்தது.

அன்று மாலையே காவல் நிலையத்திலிருந்து சி துஹாமிக்கு ஓலை வந்துவிட்டது. புகார், அறிவிப்பு, காவல், பரிசோதனை, எல்லாம் முறைப்படி நடந்தது. எனக்குத் தெரிந்த எந்த மாணவனுக்கும் இவ்வளவு ஒழுங்கான சட்ட நடைமுறை கிடைத்ததில்லை.

மறுநாள் காலை மிருக டாக்டரிடம் நானும் போக வேண்டியிருந்தது. கடித்தது இந்த நாய்தான் என்று கடிபட்டவன் கையெழுத்திட வேண்டுமாம். மஞ்சள் நிற நாய், வலது காது நுனி கிழிந்தது, கழுத்தில் சிவப்புப் பட்டை. கையெழுத்திட்டேன். ரிக்கி என்னைப் பார்த்து வாலாட்டியது. தடுப்பூசிப் புத்தகம் இரண்டு வருடம் பின்தங்கியிருந்தது. டாக்டர் அதை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"இந்தப் பதினஞ்சு நாள்ல செத்துப்போனா நீங்களே புதைச்சிடக் கூடாது. இங்க கொண்டு வாங்க. தலையை மட்டும் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம்."

"தலையை எடுத்துன்னா?" என்றார் சி துஹாமி.

"எடுத்துத்தான்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் ரிக்கியின் தலைமேல் கையை வைத்துக்கொண்டே நடந்தார், காற்றில் பறந்துவிடாமல் தொப்பியைப் பிடித்துக்கொள்வதைப் போல.

ஏழாம் நாள் எனக்கு இரண்டாவது ஊசியும் ரிக்கிக்கு இரண்டாவது முத்திரையும் விழுந்தன. அன்று அது வாலாட்டவில்லை. டாக்டர் அறையில் இருட்டான மூலையைத் தேடிப் போய் நின்றது. "வெயிலு," என்றார் டாக்டர், மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே. வெயில்தான். அந்த வாரம் துனிஸில் தெருத் தார் செருப்பில் ஒட்டியது.

எட்டாம் நாள் மதியம் அந்தக் குரலை முதலில் கேட்டேன்.

எங்கள் கட்டடத்தின் நடுவில் வெளிச்சத்துக்காக விட்ட ஒரு குழி உண்டு. கீழே முற்றம், மேலே என் அறை. யார் வீட்டில் வெங்காயம் வதங்கினாலும் எனக்குத் தெரிந்துவிடும். மதியத் தூக்க நேரம், ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறது. ஒரு குரைப்பு எழுந்தது. குரைப்பாகத் தொடங்கியது, நடுவில் உடைந்தது, பிறகு மெல்லிய ஒரே இழையாக நீண்டுகொண்டே போனது. நாய்க்குள்ளிருந்து வேறு யாரோ பேச முயல்வதைப் போலிருந்தது.

இறங்கிப் போனேன். இரண்டாம் மாடியில் சி துஹாமியின் கதவு பாதி திறந்திருந்தது. கீழ்த்தளத்தில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் ஷத்லி வெளியே வந்தார், விரல்களில் வாசனைத் திரவம் ஊற்றித் தேய்த்துக்கொண்டே. பின்னால் மூன்றாம் மாடி அம்மாள் லல்லா பெய்யா, கையில் டார்ச் விளக்கு.

"என்ன அண்ணே, ரிக்கிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"சத்தம் வந்துச்சே."

"நாய்னா சத்தம் போடும், பிள்ள," என்றார் லல்லா பெய்யா. "உன்னை மாதிரி ஊமையாவா இருக்கும்? போய்ப் படி."

கதவு சாத்திக்கொண்டது. கதவுக்கு வெளியே ரிக்கியின் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது.

மூன்று மதியங்கள் அந்தக் குரல் வந்தது. பதினோராம் நாள் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை, முற்றத்தின் ஒரு மூலையில் ஒரு கதவு அளவுக்குப் புதுச் சிமென்ட் பூசியிருந்தது. துணி காயப்போடும் கயிற்றைக்கூட நகர்த்திக் கட்டியிருந்தார்கள். குழாய் ஒழுகியது என்றார் ஷத்லி. ஒழுகிய குழாய் கட்டடத்தின் எதிர்ப் பக்கத்தில் இருப்பதை நான் சொல்லவில்லை. "நாய்?" என்று மட்டும் கேட்டேன்.

"ரிக்கிக்கு ஒண்ணுமில்ல, மாஷா அல்லாஹ்," என்றார்.

லல்லா பெய்யாவைக் கேட்டேன். "ரிக்கிக்கு ஒண்ணுமில்ல, மாஷா அல்லாஹ்." முதல் மாடிப் புதுமணத் தம்பதியைக் கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் அதையே சொன்னார்கள். கல்யாணமாகி நாலு மாதத்தில் வேறெதிலும் அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு வரத் தொடங்கியது.

ஏழு மாதத்தில் ஒரு ரொட்டித் துண்டுகூடக் காட்டாத கட்டடம். இப்போது கதவைத் திறந்தால் வாசலில் கோதுமை ரவைக் கஸ்கஸ், மேலே கறியின் நல்ல துண்டு. மறுவேளை மீன். மறுவேளை வெள்ளைத் துணி மூடிய பால் பாயசம். மரண தண்டனைக் கைதிக்குக் கடைசி உணவு தரும் வழக்கத்தைப் பற்றி நான் தேர்வில் எழுதியிருந்தேன். அதில் இருபதுக்குப் பன்னிரண்டு மதிப்பெண் கிடைத்தது.

பதின்மூன்றாம் நாள் லல்லா பெய்யா மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். அவருக்கு முட்டிவலி, மொட்டைமாடிக்கு வந்து வருடக்கணக்காகிறது. கையில் ஒரு கிளாஸ் தண்ணீர்.

"குடி, பிள்ள. வெயிலு."

"எங்கிட்ட இருக்கு, லல்லா."

"இதைக் குடி."

குடித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைப் பார்த்தார். ஒவ்வொரு மிடறும் இறங்கும் வரை கண்ணெடுக்கவில்லை. கிளாஸ் காலியானதும், "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லி அதை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

மாலையில் குழியை எட்டிப் பார்த்தேன். மூன்றாம் மாடி ஜன்னலில் லல்லா பெய்யா நின்றார், கையில் தண்ணீர். முதல் மாடியில் புதுப் பெண், கையில் தண்ணீர். அவள் ஒரு வாய் குடித்தாள், கழுத்தைத் தடவினாள், மறுபடி குடித்தாள். கீழே ஷத்லி, கடைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடி ஒரு பாட்டிலை மளமளவென்று காலி செய்துகொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தாகத்துக்குக் குடிக்கிறவன் அப்படிக் குடிப்பதில்லை.

பதினைந்தாம் நாள், சொன்ன நேரத்துக்கு, சி துஹாமி நாயோடு மிருக டாக்டர் வாசலில் நின்றார்.

மஞ்சள் நிற நாய், கழுத்தில் அதே சிவப்புப் பட்டை. பட்டையில் நாள்பட்டு நெளிந்த துளையை விட்டுவிட்டு, புதிதாக ஒரு துளை குத்தி மாட்டியிருந்தது. வலது காது நுனி கிழிந்திருந்தது. கிழிசலின் ஓரம் இன்னும் சிவப்பாக இருந்தது.

அது என்னைப் பார்த்தது, ரயிலில் எதிரே உட்கார்ந்தவரைப் பார்ப்பதைப் போல.

"டாக்டர், இது அந்த நாய் இல்ல," என்றேன்.

டாக்டர் சி துஹாமியைப் பார்த்தார். சி துஹாமி தரையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் துணைக்கு வந்திருந்த ஷத்லியும் லல்லா பெய்யாவும் என்னைப் பார்த்தார்கள், உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பார்ப்பதைப் போல.

"ரிக்கிதான் டாக்டர்," என்றார் ஷத்லி. "ஒன்பது வருஷமா பார்க்கறோம். தம்பி மேல்மாடி, ஏழு மாசம்தான் ஆச்சு. பரீட்சை வேற."

"ரிக்கி," என்று கூப்பிட்டார் டாக்டர்.

நாய் காதைத் தூக்கியது. வந்து அவர் கையை நக்கியது.

முத்திரை விழுந்தது.

நேரே மதாம் ஜலீலாவிடம் ஓடினேன். எனக்கு முன்னால் முத்திரை வந்து சேர்ந்திருந்தது. அட்டையில் கேள்விக்குறியை அடித்துவிட்டு, 'பிராணி நலம், தேவையில்லை' என்று எழுதியிருந்தார்.

"மதாம், நாயை மாத்திட்டாங்க."

"யாரு?"

"கட்டடம்."

"எத்தனை பேரு?"

"எல்லாரும்."

கண்ணாடியைக் கழற்றினார். "மகனே, ஒருத்தர் சொன்னா நான் நம்புவேன். ஒரு கட்டடமே சேர்ந்து உனக்கு எதிரா நாய் மாத்துதுன்னா, நான் உன்னை வேற டாக்டர்கிட்டதான் அனுப்பணும். மருந்து எண்ணி வருது. காகிதத்துல நாய் உயிரோட இருக்கற வரைக்கும் அந்த ஊசியை நான் எடுக்க முடியாது. சொந்தக்காரர் வந்து செத்துச்சுன்னு சொல்லட்டும், அடுத்த நிமிஷம் போடறேன். இருபத்தொண்ணாம் நாள் வரைக்கும் நேரம் இருக்கு."

நான்கு நாள் சி துஹாமி கதவைத் திறக்கவில்லை. உள்ளே அவர் பேசுவது மட்டும் கேட்கும்: "ரிக்கி, இங்க வா. ரிக்கி, அது உன் இடம் இல்ல, இதுதான் உன் இடம். மறந்துட்டியா?" என் கெண்டைக்காலில் கடிபட்ட இடம் சுள்ளென்று இழுக்கும். சும்மா தோன்றுகிறதா, நிஜமா என்று தெரியாது. நானும் ஒரு கிளாஸ் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து நின்றேன். இப்போது கட்டடத்தில் எல்லா ஜன்னலிலும் ஆள் இருந்தது.

இருபதாம் நாள் மதியம் அவரே கதவைத் திறந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. புதிய நாய் ரிக்கியின் பாயில், கழுத்தை நீட்டி, விருந்தாளியைப் போலப் படுத்திருந்தது.

"தலையை வெட்டிருவாங்க, தம்பி," என்றார், நான் கேட்கும் முன்பே. "மகள் விட்டுட்டுப் போன நாய். தலையில்லாம எப்படிப் புதைக்கறது? பேஜா ஊர்ல ஷத்லியோட மச்சான்கிட்ட ஒரு நாய் இருந்துச்சு. ஒரே நிறம். காதை ஷத்லிதான்... இறைச்சிக் கடைக்காரன்ல, வலிக்காம பண்ணிட்டான்."

"எப்படிச் செத்துச்சு, சி துஹாமி?"

"வெறி எல்லாம் இல்ல. உனக்கப்புறம் யாரையும் கடிக்கல. தொண்டைல எலும்பு மாட்டிக்கிச்சு. ஷத்லி போட்ட எலும்பு, அதான் அவனுக்கு வருத்தம். விழுங்க முடியல, எச்சில் ஒழுகுது, தண்ணியைப் பார்த்தா கழுத்து இழுக்குது. பாவம். நாங்க எல்லாரும் வாய்க்குள்ள கைவிட்டுப் பார்த்தோம். ஷத்லி பார்த்தான். பெய்யா டார்ச் அடிச்சுக்கிட்டே ரெண்டு விரல விட்டா. அந்தப் புதுப் பொண்ணுக்குச் சின்னக் கைன்னு அவளையும் கூட்டியாந்தோம். எலும்பு வரல."

"எலும்பைக் கண்ணால பார்த்தீங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல," என்றார்.

அந்தக் கட்டடத்தில் யாருமே எலும்பைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"நாளைக்கு வந்து மதாம்கிட்ட சொல்லிடுங்க," என்றேன். "எனக்காக."

"வரேன்," என்றார். நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

இருபத்தொன்றாம் நாள் காலை நான் கீழே இறங்கியபோது வாசலில் கட்டடமே நின்றது. ஷத்லி சலவைச் சட்டையில், லல்லா பெய்யா விசேஷத்துக்குப் போர்த்திக்கொள்ளும் வெள்ளைச் சஃப்ஸாரியில், புதுமணத் தம்பதி கைகோத்து. நடுவில் சி துஹாமி, நாயோடு. பெண் பார்க்கப் போகும் கூட்டம் போலிருந்தது. என்னை நடுவில் விட்டுக்கொண்டு எல்லோரும் நடந்தார்கள்.

மருத்துவ நிலைய வாசல் பெஞ்சில் சி துஹாமி நாயோடு உட்கார்ந்துவிட்டார். "நாயை உள்ள விட மாட்டாங்க," என்றார். நாங்கள் உள்ளே போனோம்.

"யாரு சொந்தக்காரர்?" என்றார் மதாம் ஜலீலா.

"வெளிய இருக்கார், நாயோட," என்றார் ஷத்லி. "தம்பி மனசு சமாதானமாகட்டும்னுதான் வந்தோம். ரிக்கிக்கு ஒண்ணுமில்ல, மாஷா அல்லாஹ்."

"ஒண்ணுமில்ல, மாஷா அல்லாஹ்," என்றார்கள் மற்றவர்கள்.

மதாம் ஜலீலா என்னைப் பார்த்தார். கண்ணில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்துக்கு நான் பயந்தேன்.

"மதாம், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றேன். "ஒரு நாய்க்கு விழுங்க முடியல, எச்சில் ஒழுகுது, தண்ணியைப் பார்த்தா கழுத்து இழுக்குது, குரல் மாறிப்போச்சு. தொண்டைல எலும்புன்னு நெனச்சு எல்லாரும் வாய்க்குள்ள கையை விட்டுப் பார்த்தாங்க. எலும்பு இல்ல. மூணு நாள்ல செத்துப்போச்சு. அது என்ன?"

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். கண்ணாடியைச் சரியாக மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒரு ஆள் வந்தான்," என்றார், யாரையும் பார்க்காமல். "அவனும் எலும்புன்னுதான் சொன்னான். அவனுக்கு நான் ஒரு கிளாஸ் தண்ணி குடுத்தேன். வாய்கிட்டகூடக் கொண்டுபோக முடியல அவனால." பிறகு, மிகச் சாதாரணமான குரலில் கேட்டார்: "யாரெல்லாம் கையை விட்டீங்க?"

சுவர்க் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. ஷத்லி தன் கைகளைப் பார்த்தார். இறைச்சிக் கடைக்காரரின் கை, விரலுக்கு விரல் வெட்டுக்காயம்.

"அது ரிக்கி இல்ல..." என்று ஆரம்பித்தார்.

"பேரு கேக்கல."

முதலில் மேசைமேல் வந்தது அந்தப் புதுப் பெண்ணின் கைதான். சின்னக் கை, மருதாணி மங்கிப்போயிருந்தது. கட்டை விரலடியில் நூலளவு ஒரு கீறல். "பல்லு பட்டுச்சு," என்றாள். "இவர்கிட்டகூடச் சொல்லல." அவள் புருஷன் அவளையே பார்த்தான், பிறகு தன் கையையும் கொண்டுவந்து வைத்தான். லல்லா பெய்யா சஃப்ஸாரிக்குள்ளிருந்து இரண்டு விரலை நீட்டினார். ஷத்லி பத்து விரலையும் பரப்பினார். என்னை எதிர்த்து ஒரே வாயாக நின்ற கட்டடம், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கைகளை வைத்துக்கொண்டு, ரொட்டிக்கு நிற்பதைப் போல நின்றது.

"நாய் எப்ப செத்துச்சு?" என்றார் மதாம் ஜலீலா.

"பதினோராம் நாள்," என்றார் லல்லா பெய்யா. அழுதுகொண்டிருந்தார். "முற்றத்துல இருக்கு. முழுசா இருக்கு."

மதாம் ஜலீலா என் அட்டையை எடுத்தார், எழுதியிருந்ததை அடித்தார், குளிர்பெட்டியைத் திறந்தார். எனக்குத்தான் முதல் ஊசி. வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக எதுவும் எனக்கு வலித்ததில்லை. அடுத்து மற்றவர்கள். புது அட்டைகளில் கடித்த பிராணியின் பெயர் என்ற இடத்தில் ஒரே பெயரை நாலு தடவை எழுதினார்.

"எல்லாருக்கும் முன்னாடி கைவிட்டது யாரு?" என்றார் கடைசியில்.

எல்லோரும் ஜன்னல் வழியே வாசல் பெஞ்சைப் பார்த்தார்கள்.

நான் வெளியே போனேன். சி துஹாமி நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் வலது மணிக்கட்டுக்குமேல் இரண்டு புள்ளிகள், ஆறிப்போய், கறுத்திருந்தன.

"உள்ள வாங்க, சி துஹாமி. எல்லாரும் போட்டுக்கிட்டாங்க."

"எனக்கு எதுக்கு? ரிக்கிக்கு மூணு முத்திரை விழுந்திருக்கு. காகிதம் இருக்கு, பாரு." சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். "நான் உள்ள வந்தா, இது யாரு?"

நாய் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மதாம் ஜலீலா தட்டில் இரண்டு ஊசியோடு வெயிலில் வந்து நின்றார். காகிதம் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. குனிந்து அவர் சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கினார். சி துஹாமி தடுக்கவில்லை. இன்னொரு கையால் நாயின் கண்களை மூடினார்.

"பார்க்காதடா, ரிக்கி," என்றார். "ஒண்ணுமில்ல."